மாமரத்துக்கு எத்தனை லிட்டர்? எக்செல்லில் ஒரு சொட்டு நீர்க் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மூன்று மாதம் கழித்து என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, பிள்ளைங்க கேம்ஸ் ஆடியாச்சு. உருப்படியா இதுல வேற என்ன செய்யலாம்?" கேட்பவர் மதுரைப் பக்கத்துக்காரர் என்றால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "ஊர்ல தோப்பு இருக்கா?" அவருக்கு இல்லாவிட்டாலும் சித்தப்பாவுக்கோ மாமனாருக்கோ இருக்கும். அழகர்கோவில் அடிவாரத்திலோ நத்தம் பக்கமோ நாலு மாமரம் வைத்திருக்கும் உறவுக்காரர் இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு.

தோப்பு இருந்தால் அங்கே சொட்டு நீர்க் குழாய் போட்டிருப்பார்கள், அல்லது போடப் போகிறார்கள். குழாய் பதித்துத் தருகிறவர்கள் கிளம்பும்போது "தினம் ரெண்டு மணி நேரம் மோட்டாரைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது? மரம் பெரிதா சின்னதா, மாதம் ஜனவரியா மேயா, காய் பட்டாணி அளவா கைப்பிடி அளவா என்று எதையும் கேட்காமல் வந்த எண் அது. சரியான எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்த மாதம் நாம் செய்யப் போகும் வேலை. அதற்குத் தேவை எக்செல். உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இல்லையென்றால் லிபர் ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். அது இலவசம்; இணையத்திலிருந்து இறக்கிக் கொள்ளலாம். இங்கே சொல்லும் பார்முலாக்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இயங்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கை நான் முதல் முறை போட்டபோது என் சித்தப்பாவுக்கு ஒரு வருட மகசூலில் பெரும்பகுதி போய்விட்டது. பார்முலாவில் தப்பில்லை. ஒர்க் ஷீட்டில் ஒரு நெட்டு வரிசையை விட்டுவிட்டேன். அது எது என்று பிறகு பார்ப்போம். முதலில் கணக்கு.

ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர்

வானொலியில் "மதுரையில் 20 மில்லிமீட்டர் மழை" என்று சொல்வார்கள். அது எத்தனை லிட்டர்? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தட்டு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். 20 மில்லிமீட்டர் மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 20 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு குடத்துக்கும் கொஞ்சம் கூட. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக் கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

வெயில் குடிக்கும் தண்ணீரையும் இதே போல் மில்லிமீட்டரில்தான் அளக்கிறார்கள். வானிலைக் கூடங்களில் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, ஒரு நாளில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். விவசாயக் கல்லூரிகளின் வானிலைக் கூடங்களில் இதைத் தினமும் குறித்து வைக்கிறார்கள். நீங்களே ஒரு அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை ஒட்டி, தினம் காலை ஒரே நேரத்தில் பார்த்து வந்தால் தோராயமான எண் கிடைக்கும். தோராயம்தான், சின்னத் தொட்டி பெரிய தொட்டியைவிட வேகமாக வற்றும். மேலே கம்பி வலை போட மறக்காதீர்கள். எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் முதல் வாரம் ஆவியானதைவிடக் காக்காய் குடித்ததுதான் அதிகம்.

திறந்த தொட்டியில் குறையும் அளவுக்கு மண்ணிலும் இலையிலும் குறையாது. அதனால் அந்த எண்ணை 0.7-ஆல் பெருக்குவது வழக்கம். பிறகு பயிர்க் குணகம் என்ற ஒன்றாலும் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பயிரும் எவ்வளவு குடிக்கும் தன்மை உள்ளது என்பதைச் சொல்லும் எண் அது. வளர்ந்த மாமரத்துக்கு இப்போதைக்கு 0.8 என்று வைத்துக் கொள்வோம். இந்த எண்ணுக்குத் திரும்ப வருவோம், கதையே அதில்தான் இருக்கிறது.

ஷீட்டைத் திறந்து தட்டுங்கள்

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் நெட்டு வரிசையில் விவரத்தையும், இரண்டாவது நெட்டு வரிசையான பி-யில் எண்ணையும் தரப் போகிறோம். விவரங்களைத் தமிழிலேயே தட்டலாம். ஆனால் பார்முலாவில் வரும் செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே பி1 என்று அச்சாகியிருந்தால் நீங்கள் கீபோர்டில் ஆங்கில பி எழுத்தையும் 1-ஐயும் தட்ட வேண்டும் என்று பொருள்.

பி1 செல்லில் ஒரு நாள் ஆவியாதல் 6 என்று தாருங்கள். கோடைக்கு இப்படி வைத்துக் கொள்வோம். பி2-ல் 0.7. பி3-ல் பயிர்க் குணகம் 0.8. பி4-ல் மரத்தின் குடை விட்டம். உச்சி வெயிலில் மரத்தடியில் விழும் நிழலை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை டேப் வைத்து அளந்தால் அதுதான் குடை விட்டம். 4 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பி5-ல் அந்தக் குடையின் பரப்பு வேண்டும். இங்கே எண்ணைத் தராமல் பார்முலா தர வேண்டும்:

=3.14*பி4*பி4/4

என்டர் தட்டினால் 12.56 என்று வரும். சமக்குறியில் தொடங்கினால்தான் எக்செல் அதைப் பார்முலா என்று எடுத்துக் கொள்ளும். சமக்குறியை மறந்துவிட்டால் நீங்கள் தட்டியதை அப்படியே எழுத்தாகக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பி6-ல் 0.9 தாருங்கள். குழாயில் போகும் தண்ணீர் முழுவதும் வேருக்குப் போகாது, பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்பதற்கான எண் இது. இப்போது பி7-ல்:

=பி1*பி2*பி3*பி5/பி6

46.89 என்று வரும். ஏறக்குறைய 47 லிட்டர். நான்கு மீட்டர் குடை உள்ள ஒரு மாமரம் ஒரு கோடை நாளில் கேட்கும் தண்ணீர் அது. பி8-ல் ஒரு மரத்துக்கு எத்தனை டிரிப்பர் (4 என்று தாருங்கள்), பி9-ல் ஒரு டிரிப்பர் ஒரு மணி நேரத்தில் விடும் லிட்டர் (இதுவும் 4). பி10-ல்:

=பி7/(பி8*பி9)*60

176 நிமிடம். அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

இப்போது பி4-ல் உள்ள 4-ஐ மாற்றி 2 என்று தந்து என்டர் தட்டுங்கள். பி10 உடனே 44 நிமிடம் என்று மாறும். குடை பாதியானால் தண்ணீர் கால் பங்காகிவிட்டது, ஏனென்றால் பரப்புதான் கணக்கு. ஒரே தோப்பில் பழைய மரமும் செத்துப்போன இடத்தில் நட்ட இளம் மரமும் கலந்து நின்று, எல்லாவற்றிலும் நாலு டிரிப்பர் சொருகியிருந்தால் என்ன நடக்கும் என்று இந்த ஒரு மாற்றமே காட்டிவிடும். இளம் மரம் சேற்றில் நிற்கும், அல்லது பெரிய மரம் காயும். சின்ன மரத்துக்கு ஒரு டிரிப்பர் போதும்.

வாய்க்காலில் பாய்ச்சினால் எவ்வளவு ஆகும் என்றும் ஒரு காலி செல்லில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். ஒரு தடவை 5 சென்டிமீட்டர், அதாவது 50 மில்லிமீட்டர் நிற்கும்படி பாய்ச்சினால் 4047*50, இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல். ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு 160 மரம் என்றால், சொட்டு நீரில் நாளுக்கு 47 லிட்டர் வீதம் பத்து நாளைக்கு 75,000 லிட்டர். பத்து நாளைக்கு ஒரு தடவை பாய்ச்சும் தண்ணீரில் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் மரங்களுக்கு நடுவே புல் வளர்க்கவும், வேருக்குக் கீழே இறங்கவும், ஈர மண்ணிலிருந்து ஆவியாகவும் போனது. போர்வெல் நம்பி இருப்பவருக்கு இந்த வித்தியாசம் எத்தனை பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர் 1930-களில், கசியும் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற ஒரு மரம் மட்டும் மற்ற மரங்களைவிடச் செழிப்பாக இருந்ததைப் பார்த்தாராம். பிளாஸ்டிக் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு 1965-ல் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணை அவருடைய டிரிப்பரைத் தயாரிக்க ஆரம்பித்தது. நெட்டாபிம் நிறுவனம் அப்படி வந்ததுதான். குடத்தின் அடியில் ஓட்டை போட்டுத் திரி வைத்துத் தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் புதைத்த நம் ஊர்ப் பாட்டிகளுக்கு யாரும் காப்புரிமை தரவில்லை, அது வேறு விஷயம்.

மரம் பூக்கவில்லை

இந்த ஷீட்டைத்தான் நான் சித்தப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய தோப்பு நத்தம் பக்கம். கல்லாமை, செந்தூரம், கொஞ்சம் பங்கனப்பள்ளி. அந்த வருடம் வடகிழக்கு மழை டிசம்பர் முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. ஆவியாதல் 3 மில்லிமீட்டர். ஷீட் 88 நிமிடம் என்றது. சித்தப்பா சொன்ன சொல் தவறாதவர். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தாலும் எழுந்து போய் 88 நிமிடம் மோட்டார் போட்டார்.

ஜனவரியில் பக்கத்துத் தோப்பு மரங்களில் பூங்கொத்து கிளம்பியது. எங்கள் மரங்களில் பளபளவென்று செந்நிறக் கொழுந்து கிளம்பியது. போன் வந்தது.

"தம்பி, ஒன் கம்ப்யூட்டர் சொன்னபடிதான தண்ணி விட்டேன். மரம் பூக்காம கொழுந்து விடுதேப்பா."

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்முலா சரிதான் சித்தப்பா" என்றேன். சரியான பார்முலாவை வைத்துக் கொண்டு அவர் என்ன செய்வார்?

மாமரத்துக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் குணம் உண்டு. அதனால் முழுப் பழியையும் அவர் என் மேல் போடவில்லை. ஆனால் தோப்பில் கடைசி வரிசை ஒன்று இருந்தது. குழாய் அடைத்துக் கொண்டு தண்ணீரே போகாமல் கிடந்த வரிசை. அந்த வரிசை மரங்கள் மட்டும் பூத்தன. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சமவெளியில் மாமரம் பூக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கொஞ்ச நாள் வளராமல் நிற்க வேண்டும். மார்கழியின் குளிர்ந்த இரவும் காய்ந்த மண்ணும் சேர்ந்து அதை நிறுத்தி வைக்கின்றன. அந்த நேரத்தில் தினமும் காலடியில் தண்ணீர் சொட்டிக் கொண்டிருந்தால் மரம் நிற்காது, இலை விடும். வாய்க்கால் பாசன காலத்தில் இந்தத் தப்பு நடந்ததில்லை. மழை முடிந்த கையோடு இரண்டு லட்சம் லிட்டரை யாரும் பாய்ச்ச மாட்டார்கள் அல்லவா? சொட்டு நீர் வந்து, தினமும் கொஞ்சம் விடுவது சுலபமானபிறகுதான் இந்தத் தப்புக்கும் வழி வந்தது.

பேரிக்காய்த் தோட்டத்தில் கிடைத்த பதில்

அதன் பிறகுதான் பயிர்க் குணகத்தைச் சரியாகத் தேட உட்கார்ந்தேன். ஐ.நா. சபையின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1998-ல் வெளியிட்ட 56-ஆம் எண் பாசன ஆவணம்தான் இதற்கு உலகம் முழுவதும் அடிப்படை. அதன் நீளமான பட்டியலில் வாழை உண்டு, திராட்சை உண்டு. மாமரத்துக்கு வரிசை இல்லை. ஆனால் ஆப்பிள், செர்ரி, பேரி மூன்றுக்கும் சேர்த்து ஒரு வரிசை இருந்தது. புல் இல்லாத வெறுந்தரையில் 0.6, பிறகு 0.95, கடைசியில் 0.75.

ஒரே மரத்துக்கு ஏன் மூன்று எண்? நான் ஒரே செல்லில் 0.8 என்று தட்டி வருடம் முழுக்க ஓட்டியிருந்தேனே! இலை குறைவாக இருக்கும்போது ஒரு எண், முழுக் குடை விரிந்தபின் ஒன்று, முதிரும்போது ஒன்று. அந்த நிறுவனமே இலவசமாகத் தரும் கிராப்வாட் 8.0 என்ற விண்டோஸ் புரோகிராமும் பயிரின் பருவங்களைக் கேட்கிறது. பேரியைப் பற்றி மேலும் படித்தபோதுதான் ஆஸ்திரேலியக் கதை கிடைத்தது.

பேரிக்காய் நமக்குப் புதிதல்ல. கொடைக்கானலிலிருந்து இறங்கி மதுரைக் கடைகளில் வந்து உட்காரும் பழம்தான். 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கொடைக்கானலே மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. மலைக் குளிர் இல்லாமல் அந்த மரம் ஒழுங்காகப் பூக்காது என்பதால் அது சமவெளிக்கு இறங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டட்டூரா என்ற ஊரில் ஒரு பாசன ஆராய்ச்சி நிலையம். சுற்றிலும் டின்னில் அடைக்கும் பீச், பேரிப் பழத் தோட்டங்கள். மரங்களை நெருக்கி நட்டுத் தாராளமாகத் தண்ணீர் விட்டதில் கிளையும் இலையும் காடாக வளர்ந்தன. உள்ளே வெளிச்சம் போகவில்லை. வெட்டி வெட்டி கூலிதான் ஏறியது. சால்மர்ஸ், மிச்செல் ஆகியோரின் குழு 1980-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தது. பேரிக்காய் பூத்த பிறகு பல வாரங்களுக்கு மெதுவாகத்தான் பருக்கிறது. அந்த நேரத்தில் வேகமாக வளர்வது கிளைதான். பழம் வேகமாகப் பருப்பதோ அறுவடைக்கு முந்தைய வாரங்களில். அப்போது கிளை வளர்ச்சி பெரும்பாலும் நின்றிருக்கும். அப்படியானால் முதலில் விடும் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? கிளை!

ஆவியாதலை அளவுகோலாக வைத்துக் கொண்டு, மெதுவான பருவத்தில் தண்ணீரைக் கணிசமாகக் குறைத்தார்கள். பழம் பருக்கத் தொடங்கியதும் முழு அளவு விட்டார்கள். கிளை வளர்ச்சி குறைந்தது, பழத்தின் அளவு குறையவில்லை. தண்ணீர் திரும்ப வந்ததும் பழம் வழக்கத்தைவிட வேகமாகப் பருத்ததாகவும் கண்டார்கள். வறட்சியின்போது பழம் உள்ளே சர்க்கரை போன்ற கரைபொருட்களைச் சேர்த்து வைத்துக் கொண்டு, தண்ணீர் கிடைத்ததும் அதை இழுத்துக் கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கட்டுப்படுத்திய குறை நீர்ப் பாசனம் என்று இதற்குப் பெயர். இன்று பல நாடுகளில் பல பழ மரங்களுக்கு இதைச் செய்து பார்க்கிறார்கள்.

இதை அப்படியே நம் தோப்புக்குக் காப்பி, பேஸ்ட் செய்துவிடாதீர்கள். பேரிக்குக் காய் பிடித்த பிறகு குறைக்கிறார்கள். மாமரத்துக்கு அப்போது குறைத்தால் ஆபத்து. பூக்கும் பூக்களில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் கனியாவதில்லை. பிஞ்சு உதிர்வது பெரும்பாலும் காய் பிடித்த முதல் சில வாரங்களில்தான். பழத்தின் செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் நன்றாகக் காய்ந்துபோன பிஞ்சுக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இருக்கிற செல்கள்தான் பருக்குமே தவிர, புது செல் வராது. மாமரத்துக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டிய காலம் பூக்கும் முன்னால். மரத்துக்கு மரம் காலம் மாறுகிறது. ஆனால் தண்ணீர் எந்தப் பருவத்தில் போகிறது என்பதைப் பொறுத்து அது இலையாகவோ பழமாகவோ ஆகிறது என்பது இரண்டு மரத்துக்கும் பொது.

விட்டுப்போன நெட்டு வரிசை

இப்போது ஷீட்டைத் திருத்துவோம். 13-ஆவது படுக்கை வரிசையில் தலைப்புகள்: மாதம், ஆவியாதல், பருவ எண், லிட்டர், நிமிடம். 14-லிருந்து 25 வரை பன்னிரண்டு மாதங்கள். 'ஜனவரி' என்று ஒரு செல்லில் ஆங்கிலத்தில் தட்டி, செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னக் கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற மாதங்களை எக்செல்லே நிரப்பிக் கொள்ளும். பி-யில் அந்தந்த மாத ஆவியாதல். சி-யில் பருவ எண். டி14 செல்லில்:

=பி14*$பி$2*$பி$3*$பி$5/$பி$6*சி14

டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது பி14 என்பது பி15, பி16 என்று தானாக மாறும். அது நமக்கு வேண்டும். ஆனால் குடைப் பரப்பு இருக்கும் பி5 மாறக் கூடாது. டாலர் குறி போட்ட செல்லை எக்செல் நகர்த்தாது. பார்முலாவில் செல் பெயரின் மேல் கர்சரை வைத்து எப்4 கீயை அழுத்தினால் டாலர் தானே வந்து உட்காரும். ஈ14-ல் நிமிடத்துக்கு:

=டி14/($பி$8*$பி$9)*60

இரண்டையும் 25-ஆவது வரிசை வரை இழுத்துவிடுங்கள்.

பருவ எண்தான் நான் விட்ட நெட்டு வரிசை. எங்கள் தோப்பில் இப்போது இப்படி வைத்திருக்கிறோம்: டிசம்பர், ஜனவரிக்கு 0. காய் பட்டாணி அளவு வந்தபின், பெரும்பாலும் பிப்ரவரியில், 0.5. மார்ச்சிலிருந்து காய் பருக்கும் வரை 1. பறிப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது 0.5 ஆக்கி, பிறகு நிறுத்தி விடுகிறோம். கடைசி வரை தண்ணீர் குடித்த பழம் எடை நிற்கும், தித்திப்பு நிற்காது. பறித்து முடித்துக் கவாத்து செய்தபின் புதுக் கிளை வர வேண்டும் என்பதால் மறுபடி 0.7. அக்டோபர், நவம்பரில் மழை பார்த்துக் கொள்ளும்; மழை ஏமாற்றினால் மட்டும் மண்ணைக் கிளறிப் பார்த்து முடிவு.

உங்கள் ரகத்துக்கும் மண்ணுக்கும் இந்த எண்கள் மாறும். ஆழமில்லாத சரளை மண்ணில் டிசம்பரில் இலை சுருண்டால் 0-வைக் கட்டிக் கொண்டு அழ வேண்டாம், கொஞ்சம் விடுங்கள். நட்டு மூன்று நான்கு வருடம் ஆகாத கன்றுகளுக்கு எந்த மாதமும் 0 கிடையாது. அவை வளரத்தான் வேண்டும்.

பழத்தையும் அளக்கலாம்

சொட்டு நீரால் பழம் பெரிதாகிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். தண்ணீர் அளவு மாற்றிய இரண்டு வரிசைகளில் தலா பத்து காய்களுக்கு வண்ண நூல் கட்டுங்கள். வாரம் ஒரு முறை தையல் டேப்பால் சுற்றளவை எடுத்து, வாரத்துக்கு ஒரு படுக்கை வரிசையாக எழுதி, கடைசியில் ஆவரேஜ் பங்ஷனால் சராசரி எடுங்கள். இன்சர்ட் மெனுவில் சார்ட், அதில் கோட்டுப் படம். முதலில் படுத்து, நடுவில் நிமிர்ந்து, கடைசியில் மறுபடி படுக்கும் ஒரு கோடு வரும். நிமிரும் வாரங்கள்தான் மோட்டார் கெட்டுப் போகவே கூடாத வாரங்கள்.

இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தால் வித்தியாசமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சுற்றளவு 10 சதவீதம் கூடினால் பழத்தின் கன அளவு 1.1-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது 33 சதவீதம் கூடும். டேப்பில் ஒரு விரல் அகலம், தராசில் மூன்றில் ஒரு பங்கு! மண்டியில் பெரிய காய்க்கும் சின்னக் காய்க்கும் விலை வேறு என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மாதுளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் குறித்து வைக்க வேண்டும். பல நாள் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் பழம் வெடிக்கும். தோல் விரிவதைவிட உள்ளே வேகமாகப் பருப்பதால் வருவது அது. சீராகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில் சொட்டு நீருக்கு இணை இல்லை.

டிரிப்பரை நம்பாதீர்கள்

ஷீட்டில் 4 லிட்டர் என்று தட்டிவிட்டால் டிரிப்பர் 4 லிட்டர் விடும் என்று அர்த்தமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை டிரிப்பருக்கு அடியில் வைத்து 15 நிமிடம் பாருங்கள். சரியாக நிரம்ப வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்து வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை என்று மூன்று இடத்திலாவது பாருங்கள். எங்கள் கடைசி வரிசையில் பாட்டிலின் அடிகூட நனையவில்லை. போர்வெல் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து டிரிப்பர் அடைப்பது நம் பக்கத்தில் சகஜம். பில்டரை வாரம் ஒரு முறையாவது கழுவ வேண்டும், குழாய் முனையைத் திறந்துவிட்டு அழுக்கை வெளியேற்ற வேண்டும். சுண்ணாம்புக்கு அமிலம் விடும் முறை உண்டு. அதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள், அமிலத்தோடு விளையாட வேண்டாம். டிரிப்பர் அடிமரத்தை ஒட்டி இருந்தாலும் பிரயோசனமில்லை. தண்ணீர் குடிக்கும் வேர் அங்கே இல்லை. குடை நிழலின் பாதித் தூரத்தில் இழுத்து வையுங்கள்.

இன்னும் குழாயே போடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் சொட்டு நீருக்கு மானியம் உண்டு. உழவன் செயலி வழியாகவே விவரம் பார்த்துப் பதிவு செய்யலாம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயி சான்று இவற்றை ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் வைத்துக் கொண்டால் ஒவ்வொரு முறையும் ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டாம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு முறை நேரில் கேட்டுவிடுவது நல்லது.

ஷீட் முடிந்ததும் சேவ் செய்து, பேஜ் லே-அவுட் மெனுவில் தாளைக் குறுக்குவாட்டில் திருப்பி ஒரு பிரிண்ட் எடுங்கள். மோட்டார் போடுகிறவர் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார மாட்டார், தாள்தான் தோப்புக்குப் போக வேண்டும். சித்தப்பா தன் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மோட்டார் ரூம் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். டிசம்பர் வரிசையில் உள்ள 0-வை மட்டும் சிவப்பு மையால் இரண்டு முறை வட்டம் போட்டிருக்கிறார்.